ஐந்து கட்டை இரைச்சல்

"நாதஸ்வரத்துக்கு யாருடா தம்புரா வெச்சது?"

அப்பா இதைக் கேட்டபோது நான் சோபாவில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். "உச்ச ஸ்தாயியில் நல்ல தெளிவு, கொஞ்சம் கூர்மை அதிகம்" என்று எழுதியிருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வர எல்பி. அப்பா எழுபதுகளில் வாங்கியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தகரப் பெட்டிக்குள் கிடந்த அறுபது சொச்சம் ரெக்கார்டுகளில் ஒன்று. அவருடைய பழைய ப்ளேயர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. தட்டுகளைப் போட அவருக்கு மனசு வரவில்லை.

அவர் சொன்ன தம்புரா எனக்குக் கேட்கவே இல்லை. நாதஸ்வரத்துக்கு ஒத்து உண்டு, பிற்காலத்தில் சுருதிப் பெட்டி உண்டு. தம்புரா கிடையாது. ரெக்கார்டிங்கில் அப்படி ஏதாவது சேர்த்திருப்பார்கள் என்று சொல்லி வைத்தேன். "சேர்த்தா சுருதியோட சேர்ந்துல்ல இருக்கணும்? அவர் ரெண்டரைக் கட்டையில வாசிக்கிறார். இது அஞ்சு கட்டையில தனியா ஓடுது" என்றார்.

நான் அப்போது ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்குவதற்காக மூன்று பெட்டிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வாரமாக அதே வேலை. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டிகளைப் பற்றியது, அவற்றைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களைப் பற்றியது. அந்த ஆறு வாரத்தில் நான் சரியாகக் கேட்காமல் விட்டவை இரண்டு. அவற்றைப் பற்றியதும்கூட.

*

இதில் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது அதன் மறுமுனையில் இருக்கும் குட்டிக் காந்தம் ஆடுகிறது. பக்கத்தில் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. என்னிடம் இருப்பது ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95ஈ என்கிற சாதாரண கார்ட்ரிட்ஜ். அது தருவது சுமார் 4 மில்லிவோல்ட். ஒரு சிடி ப்ளேயர் தருவது 2 வோல்ட். அதாவது ஐந்நூறு மடங்கு வித்தியாசம். நான் முதல் நாள் ஆர்வக்கோளாறில் டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் சொருகி, வால்யூமை முழுக்கத் திருகினேன். பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் பாடுவது போல, அதுவும் தகர டப்பாவுக்குள் பாடுவது போல ஏதோ கேட்டது. சன்னமாக இருந்தது என்பது மட்டுமல்ல. அடிநாதமே இல்லை.

அடிநாதம் இல்லாததற்குக் காரணம் ரெக்கார்டில் அது அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கிறது என்பதுதான். தாழ்ந்த ஸ்வரங்களை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடும், பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷப் பாட்டு கொள்ளாது. அதனால் வெட்டும்போதே அடியைக் குறைத்துவிடுகிறார்கள். உச்சத்தை வேண்டுமென்றே கூட்டிவிடுகிறார்கள். ஏனென்றால் திருப்பிக் கேட்கும்போது அதே அளவு குறைத்தால், பிளாஸ்டிக்கில் ஊசி உரசும் சரசரப்பும் சேர்ந்து குறையும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு ஆர்ஐஏஏ வளைகோடு என்று பெயர். அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனிகளின் சங்கம் 1954இல் இதைப் பொது அளவாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு வளைகோடு. தாத்தா காலத்து 78 தட்டை இன்றைய பெட்டியில் போட்டால் (அதற்குத் தனியாக அகலமான ஊசி வேண்டும்) என்னவோ இடறுகிற மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திணை தெரியாமல் சங்கக் கவிதையை வாசிப்பது மாதிரிதான். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கும். எதைக் கூட்டிச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது பிடிபடாது.

ஆக ஃபோனோ ப்ரீஆம்ப் செய்வது இரண்டு வேலை. ஒன்று, பெருக்குவது. இரண்டு, வெட்டும்போது செய்ததைத் தலைகீழாகத் திருப்பிச் செய்வது. சாதாரண காந்த கார்ட்ரிட்ஜுக்கு நடுவில், அதாவது 1000 ஹெர்ட்ஸில், சுமார் 100 மடங்கு பெருக்க வேண்டும். அதே பெட்டி 50 ஹெர்ட்ஸில் 700 மடங்கு பெருக்கும். 10,000 ஹெர்ட்ஸில் வெறும் 20 மடங்கு. இந்த 700ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

*

என் மூன்று பெட்டிகள். முதலாவது 2,800 ரூபாய். ஒரு சோப்புப் பெட்டி அளவு, இரண்டு ஜோடித் துளை, ஒரு அடாப்டர், அவ்வளவுதான். இரண்டாவது 9,500 ரூபாய். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளில் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையில் வாங்கியது. மூன்றாவது நண்பன் இரவல் கொடுத்தது, அவன் அதற்கு அறுபதாயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தான். பெயர்களை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி பெட்டியின் குறைகளே அல்ல என்று பிறகு தெரிந்தது.

வாங்குவதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான மதிப்புரைகளைப் படித்தேன். தமிழ் இலக்கிய விமர்சனம் படித்துப் பழகியவனுக்கு அந்த மொழி சட்டென்று பழகிவிடும். "திரை விலகியது", "வெதுவெதுப்பு", "காற்றோட்டம்", "கறுப்புப் பின்னணி", "உயிர்ப்பு". நாம் "செறிவு", "ஆழம்", "தரிசனம்" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. படிக்கும்போது ஏதோ புரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மாற்றிவிட்டு அதே வரியை அங்கே வைத்தாலும் பொருந்தும்.

நான் அந்த வார்த்தைகளைக் கிண்டல் செய்ய வரவில்லை. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. "கறுப்புப் பின்னணி" என்றால் பெட்டியின் சொந்த இரைச்சல் குறைவு என்று அர்த்தம், அதை அளக்கலாம். "வெதுவெதுப்பு" பல நேரம் ஆர்ஐஏஏ திருத்தத்தில் அடிப்பகுதி அரை டெசிபல் தூக்கலாக இருப்பதால் வருவது, அல்லது உச்சம் கொஞ்சம் மழுங்கியிருப்பதால் வருவது. அதையும் அளக்கலாம். பெயரடை சொல்வது தப்பில்லை. பெயரடையிலிருந்து காரணத்துக்கு ஒரு எட்டு எடுத்து வைக்காமல், அடுத்த பெயரடைக்குப் போய்விடுவதுதான் தப்பு. "இந்த நாவலில் உயிர்ப்பு இருக்கிறது" என்று எழுதுபவர் எந்தப் பக்கத்தில், எந்த உரையாடலில் அது இருக்கிறது என்று காட்டினால் நான் அவரோடு சண்டையாவது போட முடியும்.

எதிர்முகாமும் இருக்கிறது. அது என் சாதி, இன்ஜினியர்கள். அளவீட்டு வரைபடம் மட்டுமே போதும் என்பவர்கள். இவர்கள் பெட்டிகளை இரைச்சல் எண்ணை வைத்து வரிசைப்படுத்துவார்கள், ஒன்றாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவே பெரிய கோட்டை இருப்பது போலப் பேசுவார்கள். ரெக்கார்டின் சரசரப்பு இந்த இரண்டு பெட்டிகளின் இரைச்சலைவிடவும் உரக்க இருக்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். டக்ளஸ் செல்ஃப் தன் 'ஸ்மால் சிக்னல் ஆடியோ டிசைன்' புத்தகத்தில் காந்த கார்ட்ரிட்ஜ் ப்ரீஆம்புகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் சில்லு என்இ5532. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்தது. இன்றைக்கும் விலை நூறு ரூபாய்கூட ஆகாது. ஆர்ஐஏஏ திருத்தத்துக்கான கணக்கை ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979இலேயே ஒரு கட்டுரையில் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்துவிட்டார். மலிவான பெட்டி மோசமாக இருந்தே தீர வேண்டும் என்பதற்குப் பொறியியலில் காரணம் இல்லை.

*

சரி, கேட்டுத்தான் பார்த்துவிடுவோமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனை உட்கார வைத்தேன். ஒரு செலக்டர் சுவிட்சை சால்டர் செய்து, மூன்று பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் போடும்படி அமைத்தோம். அவன் என் முதுகுக்குப் பின்னால் சுவிட்சைத் திருப்புவான். நான் இது எது என்று சொல்ல வேண்டும். ஒரு ஜோடிக்குப் பதினாறு தடவை.

ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு பாடம் கிடைத்தது. சோதனை ரெக்கார்டில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு மல்டிமீட்டரில் அளந்தபோது, அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டி மற்றவற்றைவிட 2 டெசிபல் உரக்க இருந்தது. அதில் தரம் எதுவும் இல்லை, பெருக்கம் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. ஆனால் மனிதக் காதுக்கு 2 டெசிபல் உரக்க இருப்பது "உரக்க" என்று தோன்றாது. "நல்லா" இருக்கிற மாதிரித் தோன்றும். அதுவரை நான் நோட்டில் அந்தப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்த "விரிவு", "முன்னால் வந்து நிற்கும் குரல்" எல்லாம் வால்யூம் குமிழின் வேலை. நோட்டில் இரண்டு பக்கத்தை அடித்தேன்.

அளவைச் சமன் செய்தபின் 9,500க்கும் அறுபதாயிரத்துக்கும் நடுவே பதினாறில் ஒன்பதைச் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டினாலே ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வர 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது எனக்கு எதுவும் தெரியவில்லை. 2,800க்கும் 9,500க்கும் நடுவே பதினாறில் பதினான்கு சரி. இது தற்செயல் இல்லை. 2,800 ரூபாய்ப் பெட்டியில் ஏதோ கூர்மை இருந்தது, அதை வைத்துச் சொன்னேன். முடிவு பண்ணிவிட்டேன்: நடுப்பெட்டியை வைத்துக்கொள்வது, மலிவுப் பெட்டியை ஓரம் கட்டுவது. "அடிமாட்டு விலைக்கு அடிமாட்டுத் தரம்" என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம்தான் அப்பா தம்புராவைப் பற்றிக் கேட்டது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது மலிவுப் பெட்டி.

*

அப்பா முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர். லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனார். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், கோவில் வாசலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. இரண்டும் அன்று சேர்ந்து வேலை செய்தன.

தட்டிலிருந்து ஊசியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "பார், பாட்டு நின்னுது, தம்புரா நிக்கல" என்றார். உண்மைதான். காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ம்ம்ம் என்று ஒரு நாதம். டோன்ஆர்மை விரலால் தொட்டேன், பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தேன், திரும்ப வந்தது. அப்பா ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூடியைப் புறங்கையால் லேசாகத் தடவிப் பார்த்தார். "சுருசுருங்குது. எர்த் எங்கடா குடுத்திருக்க?" என்றார்.

மூணு பின் ப்ளக்தான் என்றேன். "பின் மூணு இருந்தா போதுமா? உள்ள ஒயர் இருக்கணும்ல?" உள்ளே போய் அவருடைய பழைய டூல் பையைக் கொண்டுவந்தார். பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்ப். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் எரியவில்லை. ஹாலில் இருந்த அந்த ப்ளக் பாயின்ட்டில் எர்த் துளை வெறும் அலங்காரம். (இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சல் போகும் என்று மூன்றாவது பின்னை வெட்டிவிடச் சொல்லும் மகாத்மாக்களும் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். ஷாக் அடித்தால் அந்த பின்தான் உயிரைக் காப்பாற்றும்.)

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைத் திறந்தார். எர்த் ஒயர் பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, எதிலும் முடுக்கப்படவில்லை. ஐந்து நிமிஷ வேலை. அத்தோடு டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ப்ரீஆம்பின் திருகில் ஒழுங்காக முடுக்கினேன், நான் அதுவரை விரலால் மட்டும் திருகியிருந்தேன். கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் கிடந்த அடாப்டர்களை ஸ்பைக் பஸ்டரோடு மேஜையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினேன். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகினேன். தம்புரா நின்றது.

அப்பா சொன்ன "அஞ்சு கட்டை"யைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50இல் மட்டும் இருக்காது, 100, 150, 200 என்று மடங்குகளிலும் இருக்கும். 100க்கு 150 என்பது இரண்டுக்கு மூன்று. ஷட்ஜத்துக்குப் பஞ்சமம். 200 மேல் ஷட்ஜம். தம்புராவில் மீட்டுவதும் அதே பஞ்சமம், அதே ஷட்ஜம்தான். 100 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைக்கு, அதாவது ஹார்மோனியத்தின் ஜி ஸ்வரத்துக்கு, ஒரு பிசிறு மேலே. அப்பாவின் காது தப்பவே இல்லை. அந்த இரைச்சலைத்தான் என் பெட்டி விசுவாசமாகப் பெருக்கிக்கொண்டிருந்தது. 700ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். நல்ல பெட்டியானாலும் சரி, மட்டமான பெட்டியானாலும் சரி, அடியில் எது இருந்தாலும் அதைத் தூக்கிக் கொடுப்பது அதன் கடமை. இரைச்சல் பெட்டியில் இல்லை. சுவரில் இருந்தது.

நான் ஏன் கேட்கவில்லை? நான் உச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதிப்புரைகள் உச்சத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தன: சிம்பல், மூச்சு, விரல் நரம்பில் உரசும் சத்தம். எதைக் கேட்க வேண்டும் என்று ஒருவன் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் அது கண்டிப்பாகக் கேட்கும், மற்றது கேட்காது.

*

அப்புறம் அந்தக் கூர்மை. அதற்கும் காரணம் பெட்டி இல்லை, அல்லது பெட்டி மட்டும் இல்லை.

காந்த கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளும் அதோடு சேரும் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஒரு இடத்தில் ஒத்ததிர்வு கொடுக்கும். என் கார்ட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் வரை இருக்க வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். இதில் பெட்டிக்குள் இருப்பது மட்டுமல்ல, ஒயரில் இருப்பதும் சேரும். மலிவான ஒயர் ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட்டைத் தாண்டும். மொத்தம் 150 இருந்தால் ஒத்ததிர்வு 17 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும், தொந்தரவில்லை. 400 ஆனால் 11க்கும் கீழே இறங்கி வந்து, சரியாக ஜால்ராவின் மேல் உட்காரும். நான் சோதனைக்காகச் செய்த செலக்டர் சுவிட்சும், அதோடு போட்ட நீளமான ஒயர்களும் மேலும் சேர்த்திருந்தன. நடுப்பெட்டியில் 100, 200 என்று மாற்றிக்கொள்ள சுவிட்ச் இருந்ததால் அது தப்பித்தது. மலிவுப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

ஒயரைக் குட்டையாக்கினேன். எர்த் சரியானது. மறுபடி நண்பனை உட்கார வைத்தேன். 2,800க்கும் 9,500க்கும் நடுவே இப்போது பதினாறில் பத்து. எதையும் நிரூபிக்காத எண். முதல் தடவை வந்த பதினான்கு பொய்யில்லை, நான் கேட்ட வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. அதற்கு நான் சொன்ன காரணம்தான் பொய்.

இதே மாதிரி ஒன்று பெரிய அளவில் நடந்திருக்கிறது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மறுபதிப்பு ரெக்கார்டுகள் தொடக்கம் முதல் முடிவு வரை அனலாக் என்று நம்பப்பட்டவை. டிஜிட்டல் கலந்தால் தங்கள் காது கண்டுபிடித்துவிடும் என்று சொல்பவர்கள் விரும்பி வாங்கியவை. 2022 ஜூலையில், அரிசோனாவில் ரெக்கார்ட் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து, 2011இலிருந்தே அவற்றில் பலவற்றுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது தெரியவந்தது. பதினொரு வருஷம். இதை வைத்து "பார்த்தீர்களா, ரசிகர்களின் காது வெறும் கற்பனை" என்று சிரித்தவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ரெக்கார்டுகள் நன்றாகத்தான் இருந்தன, நன்றாக இருக்கின்றன என்று கேட்டவர்களும் தப்பாகக் கேட்கவில்லை. நன்றாக இருப்பதற்கு அனலாக்தான் காரணம் என்பதைக் காது சொல்லவில்லை, அட்டை சொன்னது. ரசனை நிஜமாக இருந்து காரணம் பொய்யாக இருக்க முடியும். விமர்சனத்தில் அடிக்கடி நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கதை பிடித்துவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை. கையருகே இருக்கும் கோட்பாட்டை எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

*

நடைமுறைக்கு வருகிறேன். நீங்களும் ஒரு டர்ன்டேபிள் வாங்கிவிட்டு இந்தப் பெட்டிக்காக முழித்துக்கொண்டிருந்தால், என் ஆறு வாரத்தை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருகிறேன்.

முதலில் உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள். டர்ன்டேபிளின் பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பெட்டி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று ஒரு துளை இருந்தாலும் அப்படித்தான். தேவை என்றால், சாதாரண காந்த கார்ட்ரிட்ஜுக்கு 40 டெசிபல் பக்கம் பெருக்கமும் 47 கிலோஓம் உள்ளீடும் போதும். எம்சி வசதிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அந்த கார்ட்ரிட்ஜ் வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். மின்தேக்குத்திறனை மாற்றும் சுவிட்சும், நெளிந்த ரெக்கார்டு ஆட்டிவைக்கும் மிகத்தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் சுவிட்சும் இருந்தால் நல்லது. இவை பெரிய விலைக்குத்தான் வரும் என்றில்லை, ஏ.ஆர்.டி. டி.ஜே. ப்ரீ 2 மாதிரியான எளிய பெட்டியிலேயே இரண்டும் உண்டு. எர்த் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கிய பின் டர்ன்டேபிளின் ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மிச்சக் காசில் புது ஊசி வாங்குங்கள். தேய்ந்த ஊசி கேட்பதற்கு மோசம் என்பது மட்டுமல்ல, தட்டையே சுரண்டிவிடும்.

நடுப்பெட்டியை ஒன்பதாவது நாள் திருப்பி அனுப்பினேன். 2,800 ரூபாய்ப் பெட்டிதான் இப்போதும் ஓடுகிறது.

*

நான் சரியாகக் கேட்காமல் விட்டவை இரண்டு என்றேன். இரண்டாவதை எழுதலாமா என்று யோசித்தேன்.

சோதனை ரெக்கார்டு கையில் இருந்த அந்த வாரத்தில் ஒரு நாள், அப்பாவும் விளையாட்டாக உட்கார்ந்தார். "எனக்கும் வை, பார்ப்போம்." தம்புராவைப் பிடித்த பெருமை அவருக்கு இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு ஒலியாக ஓட விட்டேன். கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும். 100, 500, 1000. டக் டக்கென்று தூக்கினார். 2000க்குத் தூக்கினார். 4000க்குக் கொஞ்சம் தயங்கி, நான் வால்யூமைக் கூட்டிய பிறகு தூக்கினார். அடுத்தது 8000. எனக்குப் பல் கூசும் அளவுக்கு ஹாலில் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் போடலையா?"

11 கிலோஹெர்ட்ஸா 17 கிலோஹெர்ட்ஸா என்று நான் ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது இவருடைய ரெக்கார்டுகளை இவருக்குக் கேட்க வைப்பதற்காக. டிவி சத்தத்துக்காக அம்மா அவரோடு சண்டை போடுவது, ஃபோனில் "என்னது, என்னது" என்று அவர் கேட்பது, கல்யாண வீடுகளில் ஓரமாகப் போய் உட்காருவது எல்லாம் மூன்று நான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசாயிடுச்சு என்று அதற்கும் ஒரு பெயரடை வைத்திருந்தேன்.

காது பரிசோதனைக்கு வர மறுத்தார். மெஷின் விலையைக் கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு நீ ரெண்டு டப்பா வாங்குவ" என்றார். நண்பனின் பெட்டி விலையைச் சொன்னேன். பாட்டு கேட்கும் டப்பாவுக்கு ஒருத்தன் அவ்வளவு கொடுக்கிறான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கோபத்திலா என்னவோ, மறுநாள் கிளம்பி வந்தார்.

அங்கே கொடுத்த வரைபடம் 2000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராகப் போய் அப்புறம் பள்ளத்தில் இறங்கியது. எந்த இடத்தில் எவ்வளவு குறைவோ அந்த இடத்தில் கூட்டிக் கொடுப்பதுதான் மெஷினின் வேலை என்று அங்கிருந்தவர் விளக்கினார். எனக்கு அது பழக்கப்பட்ட யோசனையாக இருந்தது, ஆனால் முழுக்க அதே அல்ல. ஆர்ஐஏஏ குறைத்தது எவ்வளவு என்று 1954இல் எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் அப்படியே திருப்பிக் கொடுக்க முடிகிறது. காதுக்குள் போய்விட்ட செல்களை எவ்வளவு பெருக்கினாலும் கூப்பிட முடியாது. மிச்சம் இருப்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டும்.

இரண்டு வார சோதனைக்கு மெஷினைக் கொடுத்தார்கள். பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். நாமகிரிப்பேட்டை தட்டைப் போட்டோம். தாளம் கேக்குதாப்பா என்று கேட்டேன். ஜால்ரா சத்தம் அவருக்குப் புதுசாக இருக்கும் என்று நினைத்தேன். "அது எப்பவும் கேக்கறதுதானே" என்றார். ஐம்பது வருஷமாகத் தெரிந்த தட்டு. ஜால்ரா எங்கே விழும் என்பது அவருக்கு மனப்பாடம். காது கொடுக்காததை ஞாபகம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் நீண்ட கார்வை வந்ததும் முகத்தைச் சுளித்து மெஷினைக் கழற்றிவிட்டார். "நடுங்குது. அவர் அப்படி வாசிக்க மாட்டார்." விசாரித்ததில் காரணம் தெரிந்தது. மெஷினுக்குள் கீச்சொலியை அடக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அசையாமல் நிற்கும் ஒரே ஸ்வரத்தை அது கீச்சொலி என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். பேச்சுக்காகச் செய்யப்பட்டது, அதற்குக் கார்வை தெரியாது. இசைக்கென்று தனி அமைப்பு வைக்க முடியும் என்றார்கள், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ப்ரீஆம்பிலிருந்து ஒரு ஒயரை லேப்டாப்புக்கு இழுத்து, அந்தத் தட்டின் முதல் பக்கத்தைப் பதிவு செய்து ஃபோனில் ஏற்றி வைத்திருக்கிறேன். அங்கே போய் அவர்கள் அமைப்பை மாற்ற மாற்ற, இதைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பதாகத் திட்டம். எது சரி என்று சொல்ல வேண்டியது அப்பா. நான் நோட்டு எடுத்துப் போகப்போவதில்லை.